மாமாவின் பரணில் கிடைத்த 'பெல்' டிரான்சிஸ்டர்கள்: ராடார் கம்பெனிக்கு ரேடியோவில் என்ன வேலை?

காவேரிப்பட்டணம் மருமகன்:

எங்கள் மாமா பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். போன மாதம் தவறிவிட்டார். பரணைக் காலி செய்தபோது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதிக்கு டிரான்சிஸ்டர்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தகர உருளை, மூன்று கால், மேலே பெல் என்ற முத்திரையும் ஏசி 128 என்ற எழுத்தும். அத்தை, "திருச்சி பெல்லா? அவங்க பாய்லர்தானே செய்வாங்க?" என்கிறார். விசாரித்தால் இது பெங்களூரு ஜாலஹள்ளியில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸாம். அது ராணுவத்துக்கு ராடார் செய்கிற கம்பெனி ஆச்சே? எப்போது, ஏன் இந்தப் பக்கம் வந்தார்கள்? அப்புறம், இவை இன்னும் வேலை செய்யுமா?

தர்மபுரி பழைய மெக்கானிக்:

தம்பி, இந்த இரண்டு பெல் குழப்பம் எங்கள் கடையிலும் தினம் நடக்கும். அத்தையைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் உங்கள் கேள்வி தலைகீழாக இருக்கிறது. ராடாரிலிருந்து ரேடியோவுக்கு வரவில்லை. கம்பெனி தொடங்கியது 1954, பிரான்சின் சி.எஸ்.எஃப். நிறுவனத்தின் துணையோடு. 1956இல் தொலைத்தொடர்புக் கருவிகள் சிலவற்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். 1961இல் ரேடியோ வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னால் ரேடியோவுக்குள் இருந்த கண்ணாடிக் குழல்), 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், அதாவது உங்கள் பாட்டிலில் இருக்கும் சாதி. 1964இல் ஆல் இந்தியா ரேடியோவுக்கு டிரான்ஸ்மிட்டர். ராணுவ ராடாருக்கு வசதி செய்ததே 1966இல்தான். பாட்டை அனுப்புகிற இடத்திலும் அவர்கள், பாட்டுக் கேட்கிற டப்பாவுக்குள்ளும் அவர்கள், ராடார் அதற்குப் பிறகு.

ஏன் என்றால், என் கணக்கு இது: வெளிநாட்டு வால்வை வைத்துக்கொண்டு நம் ஒயர்லெஸ் செட் என்று சொல்லிக்கொள்ள முடியாது, உதிரிபாகத்தையும் இங்கேயே செய்தாக வேண்டும். ஆனால் உதிரிபாகத்தை ராணுவத்துக்கு மட்டும் போட்டால் மிஷின் பாதி நாள் சும்மா நிற்கும். டீக்கடை ரேடியோதான் அந்த மிஷினை ஓட்டியது. 1970இல் கறுப்பு வெள்ளை டி.வி. பிக்சர் டியூப், 1972இல் தூர்தர்ஷனுக்கு டிரான்ஸ்மிட்டர் என்று அந்தக் கை நீண்டுகொண்டே போனது.

நாங்கள் சரக்கு எடுப்பது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில். கலாசிப்பாளையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஏசி 128ஐக் கையில் எடுத்தாலே முதலாளி கத்துவார்: "குறடு புடிடா!" ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. பற்றவைக்கிற காலை மூக்குக் குறடால் பிடித்தால் சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். பிடிக்காமல் நான் வேகவைத்தவை இரண்டு, சம்பளத்தில் பிடித்தார்.

சோதிக்க: மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். சிவப்பு முள் எமிட்டர் என்கிற ஓரக் காலில், கறுப்பு முள் நடுக்காலில். 0.2, 0.3 வோல்ட் பக்கம் காட்டினால் அந்தச் சந்தி உயிரோடு இருக்கிறது. முள்ளை மாற்றி வைத்தால் காட்டக் கூடாது. கலெக்டர் என்கிற மறு ஓரக் காலிலும் இதே மாதிரி பாருங்கள்.

ஓசூர் சிப்காட்:

அண்ணா சொல்வது நம் பெல்லுக்குச் சரி. அமெரிக்காவில் ரேதியான் என்ற ராணுவக் கருவிக் கம்பெனியின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் ராடாருக்கு மேக்னட்ரான், அதாவது மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் குழல், செய்து குவித்தார்கள். அங்கே வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் பாக்கெட்டில் சாக்லேட் உருகியதிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது என்பார்கள். 1947இல் சந்தைக்கு வந்த ராடாரேஞ்ச் என்ற அந்த அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ! எந்த வீட்டுச் சமையலறையில் வைப்பது? 1965இல் அமானா என்ற வீட்டுச் சாமான் கம்பெனியை வாங்கினார்கள், 1967இல்தான் மேடைமேல் வைக்கிற மாடல் 495 டாலருக்கு வந்தது. தொழில்நுட்பம் கையில் இருந்தும் 20 வருஷம். ஆர்மிக்கு விற்கிறவனுக்கு ஆர்டர் தானாக வரும், அண்ணாச்சி கடைக்கு விற்கத் தெரியாது.

அரூர் வாத்தியார் (ஓய்வு):

வாக்குப்பதிவு இயந்திரத்தை விட்டுவிட்டீர்களே. நாட்டில் அதைச் செய்வது இரண்டே நிறுவனங்கள்: பெல்லும், ஹைதராபாத்தில் இருக்கும் ஈ.சி.ஐ.எல். என்ற அரசு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியும். 2001 சட்டமன்றத் தேர்தலில் நம் மாநிலம் முழுக்க இயந்திரம்தான். மலைப்பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு டியூட்டி. கரண்ட் போனபோது ஏஜென்ட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது பேட்டரியில் ஓடும் என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த ஆள் அழுத்தினார், பீப் என்றது, நான் வேர்வையைத் துடைத்தேன்.

தர்மபுரி பழைய மெக்கானிக்:

சிப்காட் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெல் கடைக்காரனுக்கு விற்றது டிரான்சிஸ்டரும் டியூபும் மட்டும்தானே. மற்றதெல்லாம் பாருங்கள்: ஆகாசவாணி, தூர்தர்ஷன், தேர்தல் கமிஷன். ராணுவம் இல்லையே தவிர, பில் போவது சர்க்காருக்குத்தான்! இன்றைக்கும் அவர்கள் வியாபாரத்தில் பெரும்பங்கு பாதுகாப்புத் துறைதான்.

காவேரிப்பட்டணம் மருமகன்:

பார்த்துவிட்டேன் ஐயா. 31இல் 26 தேறியது, எல்லாம் 0.2 சொச்சம். அடியில் ஒரு சீட்டு இருந்தது, மாமா கையெழுத்தில் "குறடு" என்று மட்டும். இதுவரை எதற்கு என்று புரியாமல் இருந்தேன்.