புதுப்பிப்பு: மகளின் மரபணு சோதனை முடிவு வந்துவிட்டது

ஃபேலட் என்ற பிறவி இருதயக் குறைபாட்டுக்கு ஆபரேஷன் முடிந்த மகளுக்கு மரபணு சோதனை தேவையா என்று இங்கே கேட்டிருந்தேன். "இருதயம்தான் சரியாகிவிட்டதே, பிள்ளையை ஏன் மறுபடி குத்த வேண்டும்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். செய்துவிட்டோம். 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லை, டிஜார்ஜ் சிண்ட்ரோம். ஃபேலட் உள்ள நூறு பிள்ளைகளில் பத்துப் பதினைந்து பேருக்கு இது இருக்குமாம்.

கைக்குழந்தையாக இருந்தபோது பால் மூக்கு வழியாக வரும். இப்போது "பாட்டி" என்றால் "மாண்ணி" என்று மூக்கால் வருகிறது. இந்தக் குறையால் மேலண்ணம் மூக்கு வழியைச் சரியாக மூடாததுதான் இரண்டுக்கும் காரணம். நாங்கள் செல்லம் கொடுத்ததால்தான் இப்படிப் பேசுகிறாள் என்று பாலர் பள்ளியில் சொன்னார்கள். அது எவ்வளவு வலித்தது தெரியுமா!

இந்தக் குறை ரத்தத்தில் உள்ள கால்சியத்தையும் பாதிக்குமாம், அதுதான் நான் எதிர்பார்க்காதது. இன்று சரியாக இருந்தாலும் காய்ச்சல், ஆபரேஷன், பருவமடையும் வயது என்று உடம்பு தடுமாறும் நேரத்தில் இறங்கிவிடலாம், வலிப்புகூட வரலாம். அதனால் வருடா வருடம் ரத்தப் பரிசோதனை. அப்புறம், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளுக்கு முன் எதிர்ப்புச் சக்தியையும் பார்க்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் அந்தக் குறை இல்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இப்படிப் புதிதாகத்தான் வருகிறது. ஆனால் நாளை அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வளர்ந்ததும் அவளிடம் நாங்களே சொல்வோம்.

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.