கல்லீரல் புற்றுநோய்: இனவாரிப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?

வணக்கம். அமெரிக்காவில் கல்லீரல் புற்றுநோய் எந்த இனத்தவரை எவ்வளவு பாதிக்கிறது என்று பொதுச் சுகாதாரப் படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன்.

பல அட்டவணைகளில் ஆசியர், பசிபிக் தீவினர் எல்லாரையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். வியட்நாமியர், லாவோஸ்காரர்களிடம் இந்த நோய் அதிகம்; இந்திய வம்சாவளியினரிடம் குறைவு. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் யாருக்கு என்ன பயன்? காரணங்களும் வேறு வேறு. ஆசியர்களிடம் முக்கியமாக ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று), ஹிஸ்பானியர்களிடம் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய வம்சாவளியினர்) கொழுப்புக் கல்லீரலும் மதுவும். கறுப்பினத்தவருக்கு நோய் முற்றிய பிறகு தெரியவருவதும், மாற்று அறுவை சிகிச்சை குறைவாகக் கிடைப்பதும் தனிக் கதை.

ஆசியர்களைப் பூர்வீக நாடுவாரியாகப் பிரித்த புள்ளிவிவரம் இலவசமாக எங்கே கிடைக்கும்? மாநிலப் புற்றுநோய்ப் பதிவகங்களில் வேலை செய்தவர்கள் இருந்தால், எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஒருமுறையாவது ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2023-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இருப்பவர்களே, உங்கள் மருத்துவர் தானாகவே இதை எழுதிக் கொடுத்தாரா, நீங்கள் கேட்க வேண்டியிருந்ததா? பரிசோதனை முடிவைச் சொல்ல வேண்டாம், கேட்டீர்களா இல்லையா என்பது மட்டும் போதும். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.