விவால்டி குளோரியாவுல பேஸ் பாடினது யாரு?

கட்டைக்குரல்:
இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியோட குளோரியாங்கிற சர்ச் கொயர் பாட்ட முழுக்க பொம்பளைங்களே பாடுற வீடியோ ஒண்ணு பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா மனுஷன் டெனார் (ஆம்பளைங்க மேல் குரல்), பேஸ் (அடிக்குரல்)னு தெளிவா எழுதி வச்சிருக்காரே, அப்ப வெளியிலேந்து ஆம்பளைங்க வந்துதான் பாடியிருக்கணும். பன்னெண்டு வருஷமா சர்ச் கொயர்ல பேஸ் பாடுறேன், என் பொழப்புல கை வைக்காதீங்கப்பா.

ராகமாலிகா:
தல, அத பாடினது வெனிஸ்ல பியெத்தாங்கிற அனாதை இல்லத்துல. 1703லேந்து விவால்டி அங்க வயலின் வாத்தியார், கொயர் ஃபுல்லா அங்க வளந்த பொண்ணுங்கதான், மாடத்துல இரும்புக் கிராதிக்குப் பின்னாடி நின்னு பாடுவாங்க. ஆம்பளைய அங்க எங்க நிக்க வைப்பீங்க? 1716ல அவர் போட்ட யூதித்தாங்கிற ஓரட்டோரியோல (நடிப்பில்லாம பாட்டாவே சொல்ற பைபிள் கதை) வில்லன் ஹோலோஃபெர்னஸா பாடினதே ஒரு பொண்ணுதான். பதிவேட்டுல பேரோட 'பேஸ்'னு சேத்து எழுதின பொண்ணுங்களும் உண்டு.

கட்டைக்குரல்:
ஹோலோஃபெர்னஸ் ஆல்ட்டோ பார்ட், அதாவது பொம்பளைங்களோட கீழ் குரல், அது கணக்குல வராது. பதிவேட்டுல பேஸ்னா வாத்தியமாக்கூட இருக்கலாமே? பியெத்தாவுல வயலின் வாசிச்ச அன்னா மரியாவுக்கு வயலினே பேரோட ஒட்டிக்கிச்சே, அந்த மாதிரி.

ராகமாலிகா:
அது நியாயமான கேள்விதான், ஒத்துக்குறேன். ஆனா பேஸ் வரிய பொண்ணுங்க ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) ஏத்திப் பாடினாப் போதும், செல்லோவும் ஆர்கனும் அதே வரிய கீழ வாசிக்கிறதால ஹார்மனி, அதாவது சுரங்களோட அடுக்கு, தலைகீழாகாது. டெனார நல்ல கனத்த குரல் இருக்கிற பொண்ணு எழுதினபடியே பாடிடுவா.

மூணாவது_வரிசை:
ரெண்டு பேரும் ஆக்டேவ்லயே நில்லுங்க. அந்தக் கிராதி யாருக்கும் உறுத்தலையா? சுவத்து ஓட்டையில குழந்தையா போட்டுட்டுப் போன பொண்ணுங்க, கல்யாணம் கட்டி வெளிய போனா மேடையேற மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். அன்னா மரியா 1782ல சாகுற வரைக்கும் உள்ளயேதான்.

ராகமாலிகா:
உறுத்துது அக்கா. ஆனா அந்தக் காலத்துல சர்ச்சுல பொம்பள வாய் தொறக்கவே விடாத ஊரு எத்தனை, இங்க வயலின், ஓபோ எல்லாம் கத்துக்குடுத்து பெரியவளானதும் அவளே டீச்சர். வெனிஸ்லயே இன்னொரு இல்லமான மெந்திக்காந்தில வளந்த வயலின்காரி மதலேனா லொம்பார்தினி 1767ல கல்யாணம் பண்ணிட்டு பாரிஸ், லண்டன்னு போயி கச்சேரி பண்ணலையா?

மூணாவது_வரிசை:
ஒருத்தி. மத்தவங்க வாசிப்புக்கு வந்த காணிக்கையும் இல்லத்துக்குச் சோறு போட்டுச்சுன்னும் சொல்லுங்க.

கட்டைக்குரல்:
சண்டைய நிறுத்துங்க. ஞாயித்துக்கிழமை ப்ராக்டிஸ்ல ஆல்ட்டோ அக்காங்ககிட்ட என் பார்ட்ட ஏத்திப் பாடச் சொன்னேன், கீபோர்ட்ல நான் கீழ புடிச்சேன். சரியாத்தான் வந்துச்சு. மாஸ்டர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க.