எலெக்ட்ரிக் கிட்டாரில் கரகர சத்தம்: பிக்அப் மாத்தணுமா?

பாம்பன்_ஸ்ட்ராட்:
வீடு பாம்பன்ல, கடலைப் பாத்த ஜன்னல். மூணு சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள்) பிக்அப், அதாவது கம்பி அதிர்வை மின்சிக்னலா மாத்துற பாகம், உள்ள ஸ்ட்ராட் மாடல் கிட்டார். வால்யூமைத் திருப்பினா கரகரங்குது. கேபிளை லேசா ஆட்டினா சவுண்டு விட்டு விட்டு வருது. சும்மா வெச்சிருந்தாலும் 'ஜ்ஜ்'னு ஒரு இரைச்சல், கம்பியில கை வெச்சா குறையுது. கடையில மூணு பிக்அப்பையும் மாத்தச் சொல்றாங்க. மாத்தித்தான் ஆகணுமா? மல்டிமீட்டரும் 25 வாட் சால்டரிங் அயர்னும் கையில இருக்கு.

மண்டபம்_ஆம்ப்:
பிக்அப்புக்குக் காசைக் கொட்டாதீங்க தம்பி. காயில் போனா பெரும்பாலும் சத்தம் சன்னமாகும், இல்ல சுத்தமா நின்னுடும். நீங்க சொல்றது மூணு தனித்தனிக் கோளாறு.

முதல்ல வேற கேபிள் போட்டுப் பாருங்க. அப்புறம் வால்யூமைப் பூஜ்யத்துல வைங்க. அப்பவும் இரைஞ்சா ஜாக் (கிட்டார்ல கேபிள் சொருகுற இடம்), கேபிள், ஆம்ப் இதுல ஒண்ணு. நின்னுட்டா கிட்டாருக்கு உள்ளே.

உப்புக்காத்துல முதல்ல அடிவாங்குறது ஜாக்தான். தட்டைக் கழட்டிப் பாருங்க, குழல் மாதிரி இருக்கிற ஸ்லீவ் உள்பக்கம் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை காது குடையிற பஞ்சுல நனைச்சுத் தேய்ங்க. சானிடைசர் வேண்டாம், அதுல தண்ணியும் கிளிசரினும் கிடக்கு. பிளக்கின் நுனியைப் பிடிக்கிற வளைஞ்ச தகட்டை உள்பக்கமா ஒரு நூல் அளவு அழுத்தி விடுங்க. முலாம் உரிஞ்சிருந்தா தேய்ச்சுப் பிரயோஜனமில்லை, 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக் புதுசு போடுங்க. ஸ்லீவுக்கு கிரவுண்ட் வயர் (எர்த் பக்கம்), வளைஞ்ச தகட்டுக்கு ஹாட் வயர் (சிக்னல் வர்றது). மாத்திக் கொடுத்தா கம்பியைத் தொட்டதும் இரைச்சல் ஏறும்.

தொண்டி_ரிப்பேர்:
வால்யூம் பாட்டுக்கு (குமிழுக்கு அடியில இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்): முன்பக்க பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைத் தூக்கி, பாட்டின் மூணு காலுக்கு மேல தெரியிற இடுக்குல கான்டாக்ட் கிளீனர் ஒரு சின்ன பீச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு 20, 30 தடவை திருப்புங்க. 10 நிமிஷம் காயட்டும். சாதா டபிள்யூடி-40 அடிக்காதீங்க, எண்ணெய்ப் பசை நின்னு தூசியைப் பிடிக்கும். ரெண்டு தடவை அடிச்சும் கரகரத்தா கார்பன் தடம் தேஞ்சுபோச்சு. சிங்கிள் காயிலுக்கு ஏ250கே (250 கிலோஓம்) பாட் வாங்குங்க. ஹம்பக்கருக்கு (ரெட்டைச் சுருள் பிக்அப்) போடுற 500கே போட்டா சவுண்டு கூசும்.

கீழக்கரை_பேஸ்:
கை வெச்சா குறையுதுன்னா கிரவுண்ட் ஓரளவு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த 'ஜ்ஜ்' டியூப்லைட் சோக்கு, எல்இடி டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர்ல இருந்து வருது. பிக்அப் குழியிலும் பிக்கார்டு அடியிலும் காப்பர் டேப் ஒட்டி கிரவுண்டோட சேர்த்தா இது அடங்கும். நம்ம ஊர்ல டேப்பும் கறுக்கும், அதனால பசையை நம்பாம ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு ஈயம் வைங்க. ஜாக் குழியில மட்டும் ஹாட் தகடு டேப்பைத் தொடாம பாருங்க, தொட்டா ஊமை. சிங்கிள் காயிலோட 50 ஹெர்ட்ஸ் ஹம் (கரண்ட் லைனால வர்ற 'ம்ம்' சத்தம்) டேப்புக்கு அடங்காது. நடு பிக்அப் எதிர்ச்சுத்தா (சுருளும் காந்தமும் எதிர்த்திசையில) இருந்தா, பிக்அப் தேர்வு சுவிட்சை 2லயோ 4லயோ வெச்சா போகும்.

பாம்பன்_ஸ்ட்ராட்:
ஜாக் புதுசு போட்டேன், வால்யூம் பாட்டும் அமைதி. மீட்டரை கம்பிக்கும் ஜாக் ஸ்லீவுக்கும் வெச்சா 8ல இருந்து 40 ஓம் வரை ஆடுது. சரியா?

தொண்டி_ரிப்பேர்:
சரியில்லை. 1, 2 ஓம்ல அசையாம நிக்கணும். பின்பக்கம் ஸ்பிரிங் மூடியைத் திறங்க. ஸ்பிரிங் மாட்டுற இரும்புத் தகட்டுல, கம்பியை கிரவுண்டோட சேர்க்கிற ஒரு வயர் பத்தவெச்சிருக்கும், அந்த ஈயத்துக்கு அடியில துரு ஏறியிருக்கும். வயரை எடுத்துட்டு, வெள்ளையா மின்னுற வரை உப்புத்தாளால சுரண்டி, ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவுற பசை) தடவி, 60/40 (வெள்ளீயம் 60, காரீயம் 40) ஈயத்துல பத்தவைங்க. 25 வாட் அயர்ன் இதுக்குப் பத்தாது. தகடு சூட்டை இழுத்துக்கும், ஈயம் உருண்டையா ஒட்டாம நிக்கும். 60 வாட் இரவல் வாங்குங்க.

மண்டபம்_ஆம்ப்:
ஒரு விஷயம். ஹம் வருதுன்னு ஆம்ப் பிளக்கோட எர்த் பின்னை யாராவது வெட்டச் சொன்னா கேக்காதீங்க. கம்பி ஆம்ப் பாடியோட சேர்ந்திருக்கு. கோயில் திருவிழா, சர்ச் ஆராதனைன்னு ஜெனரேட்டர்ல வாசிக்கும்போது எர்த் இல்லாம மைக்குல உதடு பட்டா ஷாக் அடிக்கலாம். மேடை லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கான்னு கேட்டுட்டு ஏறுங்க.