கிளாசிக் 350-க்கு கையால செதுக்கின லெதர் சீட், சைடு பேக்: எந்தத் தோல் வாங்கணும், டிசைன் எங்க போடணும்?

காவேரிக்கரை:
வணக்கம் மக்களே. என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கை ஒத்த சீட்டா மாத்தியிருக்கேன், அதுக்கு நல்ல தோல்ல கையால வேலைப்பாடு செஞ்ச சீட் ஒண்ணும் இடது பக்கம் மாட்டுற மாதிரி ஒரு பேக்கும் நானே செய்யணும்னு ரொம்ப நாள் ஆசை. சீட் கவர் கடையில கேட்டா ரெக்ஸின்ல மெஷின் எம்ப்ராய்டரி போட்டுத் தரேன்றாங்க, எனக்கு அது வேணாம். அம்மா மார்கழில போடுற சிக்குக்கோலம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் தோல்ல கொண்டு வரணும். சென்னை பெரியமேட்டு தோல் கடையில ஒரு சாம்பிள் துண்டு வாங்கிட்டு வந்து ஈரம் பண்ணி ஸ்பூன் காம்பால அழுத்திப் பாத்தேன், கோடு விழுது ஆனா கொஞ்ச நேரத்துல தானா மறைஞ்சு போயிடுது. தோல்ல பிரச்சனையா இல்ல செய்யுற முறை வேறயா? அப்புறம் நம்ம ஊரு மழைக்கும் வெயிலுக்கும் இது தாங்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தோல்பட்டறை:
தம்பி, நீங்க வாங்கினது குரோம் டேன் தோலாத்தான் இருக்கும், அதாவது குரோமிய உப்புல பதப்படுத்துனது. ஷூ, ஜாக்கெட், பர்ஸுன்னு கடையில கிடைக்குறதுல பெரும்பாலும் அதுதான். மெத்துனு வளையும், தண்ணிய நல்லா தாங்கும், ஆனா அழுத்துன தடத்தை பிடிச்சு வச்சுக்காது. செதுக்கு வேலைக்கு மரப்பட்டைல பதப்படுத்துன வெஜ் டேன் தோல்தான் வேணும். நம்ம ஊர்லயே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு பதப்படுத்துன ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்னு காலங்காலமா வெளிநாட்டுக்கு போயிருக்கு, அதுக்கு புவிசார் குறியீடும் உண்டு. ஈரோடு, திண்டுக்கல் பக்கம் விசாரிச்சுப் பாருங்க. ஒண்ணு, ஈ.ஐ. தோல் நிறைய மெல்லிசா வரும், அதனால கனத்தை கேட்டு வாங்குங்க. சீட்டுக்கும் பேக்கோட முன்பக்கத்துக்கும் 3-ல இருந்து 3.5 மில்லிமீட்டர், பேக்கோட பக்கவாட்டுப் பட்டைக்கு 2.5 போதும். மாட்டுத்தோல்ல முதுகுப் பகுதி இல்ல தோள்பட்டைப் பகுதி எடுங்க. வயித்துப் பகுதி விலை கம்மின்னு தருவாங்க, அது இழுபடும், சீட்டுக்கு ஆகவே ஆகாது. எருமைத்தோல் உழைக்கும், ஆனா மேல்பரப்பு சொரசொரன்னு இருக்குறதால மெல்லிசான கோடு எடுப்பா தெரியாது.

கடையிலயே சோதிக்கணும்னா வெட்டு விளிம்பைப் பாருங்க, உள்ள நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம், உள்ள வரைக்கும் ஒரே பழுப்பா இருந்தா பெரும்பாலும் வெஜ் டேன். ஆனா சாயம் உள்ள வரைக்கும் ஏறியிருந்தா இது ஏமாத்திடும். அப்ப வீட்டுக்கு வந்து ஒரு சின்ன நறுக்கை கொதிக்குற தண்ணில போடுங்க, வெஜ் டேன்னா சுருங்கி விறைச்சுப் போகும், குரோம் பெருசா அசையாது.

ஈரம் பண்றதுதான் இதுல பாதி வேலை. ஸ்பாஞ்சால சீரா நனைச்சு காத்திருங்க, மேல்பக்கம் திரும்ப பழைய நிறத்துக்கு வர ஆரம்பிக்கணும், ஆனா கன்னத்துல வச்சா ஜில்லுனு இருக்கணும், அப்பதான் வெட்டணும். சொட்டச் சொட்ட இருக்கும்போது வெட்டினா தடம் மழுங்கிடும், ரொம்ப காஞ்சா கத்தி இழுக்கும். விரலால திருப்பித் திருப்பி வளைவா வெட்டுற சுவிவல் கத்தியால தோல் கனத்துல மூணுல ஒரு பங்கு ஆழம், அப்புறம் கோட்டோட ஒரு பக்கத்தை மட்டும் பெவலரால (சரிவான முனை உள்ள சின்ன உளி மாதிரி அச்சு) தட்டி இறக்கணும், அப்பதான் மத்த பக்கம் எழும்பி நிக்கும். தட்டத் தட்ட தோல் விரியும், அதனால முதல்லயே பின்பக்கம் முழுக்க பேக்கிங் டேப் ஒட்டிடுங்க, இல்லன்னா சீட் பேட்டர்னோட அளவே மாறிடும்.

மழைப்பயணி:
அண்ணன் சொன்னதோட, ஓட்டுறவன்ங்கிற முறைல நான் ஒண்ணு சொல்றேன். உக்கார்ற இடத்துல டிசைன் போடாதீங்க ப்ரோ. அமெரிக்காவுல பாபர் வண்டிகள்ல (தேவையில்லாத பாகமெல்லாம் கழட்டி ஒத்த சீட்டா மாத்துன பைக்) சீட் முழுக்க பூவேலை செஞ்சிருப்பாங்க, ஷெரிடன் ஸ்டைல்னு வயோமிங்ல டான் கிங் மாதிரி குதிரைச் சேணம் செஞ்சவங்க வளர்த்த வேலைப்பாடு அது, பாக்க அவ்ளோ அழகா இருக்கும். ஆனா அந்த சீட்டுங்க பெரும்பாலும் இரும்புத் தகடு, மேல மெல்லிசா ஃபோம், கீழ ஸ்பிரிங். தோல் அவ்வளவா மடங்காது. நீங்க நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி தடியா ஃபோம் போட்டீங்கன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் தோல் மடங்கி விரியும், வெட்டுன கோடெல்லாம் வாய் திறந்து தண்ணியும் அழுக்கும் உள்ள போகும். அதனால நடுப்பகுதி வழுவழுன்னு இருக்கட்டும், கோலம் பக்கவாட்டு விளிம்புலயும் பின்னாடி வளைவுலயும் வரட்டும். பெருசா போடணும்னா பேக்கோட மூடி இருக்கே, அதுல போடுங்க, ரோட்ல எல்லாரும் பாக்குறதும் அதைத்தான்.

பேக்கை இடது பக்கம் வைக்குறது சரியான முடிவு. சைலன்சர் சூடு வலது பக்கம், சூடு பட்டா வெஜ் டேன் சுருங்கி ஓடு மாதிரி ஆயிடும். இடது பக்கம் சாரி கார்டு இருக்குறதால பேக் சக்கரத்துக்குள்ள போகாது, அதைக் கழட்டாதீங்க.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி ண்ணா, நன்றி ப்ரோ. கன்னத்துல வச்சுப் பாக்குற விஷயம் எந்த வீடியோலயும் புரியல, இப்ப புரியுது. தையலும் ரிவெட்டும் எப்படி? மழைக்காலத்துல பூஞ்சை வராம என்ன பண்ணலாம்? அப்புறம் கோலத்துல கோடுங்க ஒண்ணு மேல ஒண்ணு போகுதே, அந்த இடத்துல கத்தியை எப்படி ஓட்டுறது?

தோல்பட்டறை:
தையல் கையாலதான், ஒரே நூல்ல ரெண்டு ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு பக்கமும் நூல் போகணும். ஒரு இடத்துல அறுந்தாலும் பிரிஞ்சுட்டே போகாது, மெஷின் தையல்ல அந்த உத்தரவாதம் இல்ல. மெழுகு போட்ட 1 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நூல் போதும், பருத்தி நூல் வேணாம், நனைஞ்சு நனைஞ்சு மக்கிடும். ரிவெட், பக்கிள் எல்லாம் பித்தளை இல்ல ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு போட்டா ஈரம் பட்டதும் மரப்பட்டைல இருந்து தோல்ல ஏறின டேனின்ங்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து சுத்தி கருப்பா மை மாதிரி கறை பிடிக்கும், அந்தக் கறை முழுசா போறது கஷ்டம். சீட் தகட்டுக்கு அடியில தண்ணி வடிய ஓட்டை விடுங்க, ஃபோமுக்கு மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சுட்டு தோலைப் போடுங்க.

சாயம் காஞ்சதும் நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் கால் எலும்புல எடுக்குற எண்ணெய்) லேசா ஒரு கை, அதிகமானா தோல் தொளதொளன்னு ஆகி செதுக்குனது அமுங்கிடும். அதுக்கு மேல தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கலந்தது, ஐப்பசி மழைக்கு முன்னாடி திரும்ப ஒரு தடவை தேய்ங்க. நனைஞ்சா நிழல்ல காத்தாட காய வைங்க, வெயில்லயோ ஹேர் டிரையர்லயோ காட்டவே கூடாது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினா பூஞ்சை உறுதி, பருத்தித் துணி போடுங்க.

கோலத்துக்கு: வெட்டு மேல வெட்டு குறுக்க போகவே கூடாது, நாலு மூலையும் தூக்கிட்டு வந்துடும். சிக்குக்கோலத்தை ஒத்தைக் கோடா வெட்டாம, ஒவ்வொரு கம்பியையும் ரெண்டு கோடுள்ள பட்டையா காகிதத்துல வரைஞ்சுக்கோங்க. எந்தப் பட்டை மேல போகுது எது அடியில போகுதுன்னு ஒண்ணுவிட்டு ஒண்ணா குறிச்சுக்கிட்டு, மேல போறதை முழுசா வெட்டுங்க, அடியில போறதை அந்த விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னாடியே நிறுத்திடுங்க. பெவலரை அடிப்பட்டை பக்கம் மட்டும் தட்டுங்க, அது தானா உள்ள புகுந்து போற மாதிரி தெரியும். பட்டை 5 மில்லிமீட்டருக்கு கீழ போனா தட்ட இடமே இருக்காது, அதனால புள்ளிக்கு புள்ளி இடைவெளியை தாராளமா வச்சு வரைங்க. வரைஞ்சதும் இங்க படம் போடுங்க, வெட்டுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துடறேன்.