கிளிநொச்சி வகுப்பில சொன்ன "கூகுள் இலவச வெப்சைட்": இருக்கா, மூடியாச்சா?

மல்லாவி மாஸ்டர்:
நேற்று கிளிநொச்சியில சிறுதொழில் செய்யிற ஆக்களுக்கு ஒரு வகுப்பு. ரோல்ஸ், பிளேன்ரீ எல்லாம் திறம். வகுப்பெடுத்த தம்பி சொல்லுறார், "கூகுள்ல கடையைப் பதிஞ்சா வெப்சைட்டும் இலவசமாத் தருவான், அஞ்சு நிமிச வேலை" எண்டு. எனக்கு முன்னுக்கு இருந்த அம்மா அதைக் கொப்பியில எழுதி, கீழ ரெண்டு கோடும் அடிச்சவ. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த வெப்சைட்டை கூகுள் 2024 மார்ச்சில மூடிட்டான். பிசினஸ் டொட் சைட் எண்டு முடியிற விலாசம் எல்லாம் போச்சு. ஜூன் 10 வரைக்கும் வாற ஆக்களை மேப்பில இருக்கிற கடைப் பக்கத்துக்குத் திருப்பி விட்டவன், பிறகு அதுவும் இல்லை. இது தெரியாமல் மைக்கைப் பிடிக்கினம்.

பரந்தன் சந்தி:
மூடேல்லை மாஸ்டர். போன கிழமைதான் என்ர அரிசி மில்லுக்குச் செய்தனான். சதக்காசு கேட்கேல்லை. கூகுள் வெப்சைட்தான்.

மல்லாவி மாஸ்டர்:
மூடியாச்சு. 2024 மார்ச்.

பரந்தன் சந்தி:
போன கிழமை வந்தது 2024 மார்ச்சுக்கு முன்னமோ, பின்னமோ? நீங்கள் மாஸ்டர்தானே, கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ.

ஊசியும் நூலும்:
ரெண்டு பேரும் வேற வேற சாமானைக் கதைக்கிறியள் போல. மாஸ்டர் சொல்லுறது கடையைப் பதியேக்க கூடவே வந்த ஒற்றைப் பக்கம். பரந்தன் அண்ணை செய்தது கூகுள் சைட்ஸா இருக்கும், அது தனி, இப்பவும் இருக்கு.
எனக்கெண்டா வட்ஸ்அப் பிசினஸ் போதும். கற்றலொக்கில 500 சாமான் போட விடுவான், என்னட்ட இருக்கிறது 40 சட்டை டிசைன். கரைச்சல் புரோட்காஸ்ட்டிலதான், ஒரே மெசேஜைக் கனபேருக்கு ஒண்டா அனுப்புறது. ஒரு லிஸ்டில 256 பேரைப் போடலாம், ஆனால் என்ர நம்பரைச் சேவ் பண்ணி வைச்சிருக்கிற ஆளுக்குத்தான் மெசேஜ் போகும். அதால அளவு எடுக்க வாற ஆக்களிட்ட போனை வாங்கி, கழுத்தில இஞ்சி ரேப் தொங்கத் தொங்க நானே என்ர நம்பரைச் சேவ் பண்ணிக் குடுக்கிறனான்.

மல்லாவி மாஸ்டர்:
தங்கச்சி, கதையை மாத்தாதேங்கோ. வகுப்பில சொன்னது கூகுள் வெப்சைட். அது மூடியாச்சு.

பரந்தன் சந்தி:
ஓம், கதையை மாத்தாதேங்கோ. இருக்கு.

காட்டுத்தேன்:
வெப்சைட் கிடக்கட்டும். என்ர தேன் போத்தலுக்குக் கியூஆர் போட்டு 1000 லேபல் அடிச்சன். இலவசத் தளம் எண்டு சொல்லித்தான் செய்தது. ரெண்டு கிழமையால ஸ்கான் பண்ணினால் "காலம் முடிந்துவிட்டது, காசு கட்டவும்" எண்டு வருது. பிறகுதான் விளங்கினது, டைனமிக் கியூஆர் எண்டால் முதல்ல அவன்ர தளத்துக்குப் போய்த்தான் எங்கட பக்கத்துக்கு வருமாம். அவன் கதவைச் சாத்தினால் சரி, முடிஞ்சுது. ஸ்ரற்றிக் எண்டால் விலாசம் அந்தப் படத்துக்குள்ளயே கிடக்கும், இடையில ஆரும் மறிக்க ஏலாது. என்ர வீட்டில இப்ப 800 லேபல், பிள்ளையள் பின்பக்கத்தில கீறி விளையாடுதுகள். இந்த யோசினையைத் தந்த ஆள் ஆர் தெரியுமோ? மேல மைக்கைப் பற்றிக் கதைக்கிறவர்தான்.

மல்லாவி மாஸ்டர்:
நான் கியூஆர் போடச் சொன்னன். அந்தத் தளத்தில போடச் சொல்லேல்லை.

காட்டுத்தேன்:
லிங்க் அனுப்பினதே நீங்கள். வட்ஸ்அப்பில இப்பவும் கிடக்கு. ஸ்கிரீன்ஷொட் போடவோ?

மல்லாவி மாஸ்டர்:
அது வேற விசயம், பிறகு கதைப்பம். விளங்காத ஆக்களுக்கு ஒருக்கா வடிவாச் சொல்லுறன். மேப்பில கடையைப் பதியிறது இப்பவும் இலவசம், கட்டாயம் செய்யுங்கோ. வெப்சைட் எண்டு கேட்கிற இடத்தில பேஸ்புக் பக்கத்தைக் குடுத்தாலும் காணும். திறக்கிற பூட்டுற நேரத்தை மட்டும் பொய் சொல்லாதேங்கோ. மாங்குளத்தில ஒரு சாப்பாட்டுக் கடை 24 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு. அதை நம்பி இரவு பஸ்ஸால இறங்கின நான் பூட்டையும் ஒரு நாயையும்தான் கண்டன். மேப்பில இருந்து கடைக்காரரோட சட் பண்ணுற வசதியையும் 2024 ஜூலையோட எடுத்திட்டான். கூகுள் தாறதெல்லாம் இரவல் வளவு. கேட்ட நேரம் எழும்பத்தான் வேணும். அப்பிடித்தான் வெப்சைட்டும் மூடியாச்சு.

வவுனியாக்காரன்:
இரவல் வளவு வேண்டாமெண்டால் சொந்த டொமைன், அதுதான் வெப்சைட் விலாசம், வாங்குங்கோ. டொட் இலங்கை எண்டு தமிழ் எழுத்திலயே 2010 இல இருந்து இருக்கு. வன்னியில எத்தினை கடை வாங்கினது? தமிழ் தமிழ் எண்டு கத்துறது மட்டும் குறைவில்லை.

பரந்தன் சந்தி:
வவுனியா ரவுணில இருந்துகொண்டு வன்னிக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வவுனியாக்காரன்:
வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி மாவட்டம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள்ள. பரந்தனில இருந்துகொண்டு ஆர் வன்னி எண்டு நீங்களோ எனக்குச் சொல்லப் போறியள்?

பரந்தன் சந்தி:
வோட்டுப் பெட்டியை வைச்சே வன்னியைப் பார்க்கிறது? இரணைமடுத் தண்ணி குடிச்சிருக்கிறியளோ?

காட்டுத்தேன்:
தண்ணிக் கதையும் வந்திட்டுது. என்ர லேபலுக்கு ஆர் பதில் சொல்லுறது?

மல்லாவி மாஸ்டர்:
ஒருதரும் நான் கேட்டதுக்கு வரேல்லை. மூடினதோ இல்லையோ?

பரந்தன் சந்தி:
இந்தா என்ர விலாசம், சைட்ஸ் டொட் கூகுள் டொட் கொம் எண்டு தொடங்குது. ஆசைதீரப் பாருங்கோ. அதில கூகுள் எண்டு எழுதியிருக்கோ இல்லையோ?

மல்லாவி மாஸ்டர்:
பிசினஸ் டொட் சைட் எண்டு எழுதியிருக்கோ?

பரந்தன் சந்தி:
கூகுள் எண்டு இருக்கோ?

ஊசியும் நூலும்:
மாஸ்டர், நேற்று உங்களுக்கு முன்னுக்கு இருந்து கொப்பியில கோடு அடிச்ச "அம்மா" நான்தான். எனக்கு 34 வயசு. அந்தத் தம்பி பிழையாச் சொல்லுறார், முடிய எழும்பிக் கேட்பம் எண்டுதான் கோடு அடிச்சனான். கேட்டும் இருப்பன். அதுக்குள்ள நீங்கள் மைக்கை வாங்கினது, ரோல்ஸ் ஆறும் வரைக்கும் திருப்பிக் குடுக்கேல்லை.

காட்டுத்தேன்:
அங்கயும் மைக் இவரிட்டத்தானோ?

மல்லாவி மாஸ்டர்:
அது வேற ஆள் தங்கச்சி, அவ கண்ணாடி போட்டவ. மூடினது 2024 மார்ச்.

காட்டுத்தேன்:
ஸ்கிரீன்ஷொட் போடுறன், பொறுங்கோ.