புதுப்பிப்பு: வெங்காய வேர்நுனி ஸ்லைடில் குரோமோசோம் தெரியாத சிக்கல்

முதலாண்டு மாணவர்களின் ஸ்லைடுகளில் செல்கள் குவிந்து கிடக்கின்றன, பிரியும் செல் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். சாயத்தைச் சந்தேகித்தது தவறு. பிழை அதற்கு முந்தைய படியில். வேரை இடும் 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 60 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான், 8 நிமிடத்தில் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் இளகும். அமிலம் ஆறியிருந்தால் வேர் விறைப்பாகவே இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் பரவாது. பிறகு நீரில் அலசி, நுனியில் 2 மி.மீ. மட்டும் வெட்டி அசிட்டோகார்மைன் சாயத்தில் இடுங்கள். அதற்கு மேலே நீண்ட செல்கள்தான். அங்கே பிரிதல் கிடையாது. கவர்ஸ்லிப் (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) மீது வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். கவர்ஸ்லிப் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும்.

பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில்தான் (இரு பிரிதல்களுக்கு இடைப்பட்ட, குரோமோசோம் தனித்தனியாகத் தெரியாத நிலை) இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாவம், நல்ல ஸ்லைடையும் கெட்டது என்று கழுவிவிடுகிறார்கள்.